மடுவத்து முடக்கில் ஒரு சலாம்

போன மாதம் இறம்பொடைப் பாடசாலை மண்டபத்தில் வீதிப் பாதுகாப்புக் கூட்டம் ஒன்று நடந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னையும் மேடையில் ஏற்றினார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தே தலை நரைத்தவன், விழுந்து எழுந்தவர்களை நிறையப் பார்த்திருப்பேன் என்று நினைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர் ஹெல்மெட், பிரேக், டயர், வேகம் என்று ஒன்றையும் விடாமல் பேசி முடித்துவிட்டார். எனக்கு அவர் மிச்சம் வைத்தது மேசைமேல் இருந்த சோடாப் போத்தல் மட்டும்தான். நான் எழுந்து, "தம்பிமாரே, வண்டியில போகும்போது யாரு கும்பிட்டாலும் திருப்பிக் கும்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கூட்டம் சிரித்தது. தலைவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். கிழவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று அந்தத் தட்டலுக்கு அர்த்தம்.

எனக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது. அன்று மேடையில் நேரம் இல்லாததால் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் படித்த கதையில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பழைய டிஸ்பென்சரிடம் போத்தல் கழுவினேன், கட்டுப் போட்டேன், அவர் திட்டும்போது தலையை ஆட்டினேன். பிறகு சோதனை எழுதித் தேறினேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இறம்பொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. தோட்டத்து மனேஜரான பெரியதுரை கூப்பிட்டு, "இங்கே யாரும் அதிகமாக நோயில் படுக்கக் கூடாது" என்று ஆங்கிலத்தில் கட்டளையிட்டார். நோய்களிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பெரியதுரை சத்தம் போடாத வெள்ளைக்காரர். எந்த வழக்கானாலும் பைப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கேட்பார். முதலில் பழைய சாம்பலைத் தட்டுவார். அது முறைப்பாட்டைக் கேட்கும் நேரம். பிறகு புகையிலையை விரலால் அமுக்கி அமுக்கி அடைப்பார். அது யோசிக்கும் நேரம். நெருப்புக்குச்சி கிழித்துப் பைப் பற்றிக்கொண்டால் தீர்ப்பு முடிந்தது. அதற்குப் பிறகு சாமியே நேரில் வந்து சாட்சி சொன்னாலும் எடுபடாது. தோட்டத்தில் அனுபவப்பட்டவர்கள் தங்கள் நியாயத்தைப் புகையிலை அடைக்கும்போதே சொல்லி முடித்துவிடுவார்கள்.

சலாம் போடும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். துரை ரோட்டில் வந்தால் தொழிலாளிகள் ஓரமாக ஒதுங்க வேண்டும். குடையை மடக்க வேண்டும், தலைத்துண்டை இறக்க வேண்டும், மழைக்குப் போட்டிருக்கும் கம்பளியையும் தோளிலிருந்து இறக்க வேண்டும். பிறகு குனிந்து தரையைப் பார்த்து, "சலாமுங்க தொரை" என்று சொல்ல வேண்டும். கொட்டுகிற மழையிலும் இதுதான் முறை. எனக்கு வந்த சளிக்காய்ச்சல் நோயாளிகளில் பாதிப்பேர் மரியாதையினால் நனைந்தவர்கள்.

பெரியதுரை காரில் போவார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் தலை அசைந்ததா, கார் குலுங்கியதா என்று யாருக்கும் தெரியாது. இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த தோட்டத்துக்கு, பெரியதுரைக்கு உதவியாக ஒரு புதிய சின்னத்துரை மோட்டார் சைக்கிளோடு வந்து சேர்ந்தார்.

நெட்டையான, வெட்கப்படுகிற பையன் அவர். இருபத்தைந்து வயசு இருக்கலாம். சீமையில் அவரை வளர்த்தவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்பது அவரைப் பார்த்தாலே தெரியும். யார் எந்த மரியாதை செய்தாலும் உடனே திருப்பிச் செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நாய் வாலை ஆட்டினாலும் பதிலுக்கு ஏதாவது செய்யப் பார்ப்பார்.

வந்த வாரமே விழுந்து டிஸ்பென்சரிக்கு வந்தார். அடுத்த வாரமும் வந்தார். பிறகு அவருக்கென்று ஒரு தட்டையே ஒதுக்கி வைத்துவிட்டேன்.

எங்கள் தோட்டத்து ரோடு தார் காணாதது. உடைத்த கல்லைப் போட்டு மண்ணால் மூடியிருப்பார்கள். மழை மண்ணைக் கழுவிக்கொண்டு போகும், கல் பல்லைக் காட்டும். அதில் விழுந்தவரின் முழங்காலைச் சுத்தம் செய்வது ஒரு தனி வேலை. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட வேண்டும். சவர்க்காரம் போட்டு, காயத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவ வேண்டும். வெளியிலிருந்து உள்ளே கழுவினால் ஊரிலுள்ள அழுக்கையெல்லாம் காயத்துக்குள் குடிவைத்த மாதிரி. பிறகு இடுக்கியால் கல்லை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட வேண்டும். கடைசியில் ஐயோடின். பெரிய பெரிய வாய்க்காரக் கங்காணிகள் எல்லாம் ஐயோடின் பட்டதும் அம்மாவைக் கூப்பிடுவார்கள். இந்தச் சின்னத்துரை மட்டும் நான் எடுக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் "தேங்க் யூ" சொன்னார். தட்டில் டிங் என்று கல் விழும், உடனே "தேங்க் யூ". சின்னக் கல்லுக்குச் சின்னதாக, பெரிய கல்லுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு. நானும் வாய் தவறி இரண்டு தடவை "வெல்கம்" சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது தடவை வந்தபோது ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. காயமெல்லாம் இடது பக்கம். இடது முழங்கால், இடது முழங்கை, இடது உள்ளங்கை. வலது உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு விழுகிறவன் இரண்டு கையையும்தான் ஊன்றுவான்.

"விழும்போது வலது கை எங்கே இருந்தது?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொப்பியில்" என்றார்.

கதை இதுதான். ஆட்கள் சலாம் போடுவார்கள். இவர் வலது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துத் தலையிலிருக்கும் சோலாத் தொப்பியைத் தூக்குவார். வேகத்தைக் கூட்டிக் குறைப்பது அந்தக் கையில், முன் பிரேக்கும் அந்தக் கையில். மிச்சமிருக்கிற இடது கை வண்டியை இடப்பக்கம் இழுக்கும். வண்டி ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானை நோக்கிப் போகும். தலையில் அடிபடாமல் காக்க வேண்டிய தொப்பி அந்த நேரத்தில் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில், மரியாதை செலுத்திக்கொண்டிருக்கும். ஆள் கானுக்குள் போன பிறகு தொப்பி மட்டும் அழுக்குப் படாமல் தேயிலைச் செடிமேல் உட்கார்ந்திருக்கும்.

"தொப்பியில் ஒரு நாடா தைத்துத் தருகிறேன். தாடையில் கட்டிக்கொள்ளுங்கள்" என்றேன்.

"கட்டினால் எப்படித் தூக்குவது?"

"தூக்கக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், சாப்பிட்ட கையைக் கழுவ வேண்டாம் என்று நான் சொல்லிவிட்ட மாதிரி ஓர் அதிர்ச்சி தெரிந்தது. "ஐம்பது பேர் மழையில் நனைந்துகொண்டு எனக்கு மரியாதை செய்கிறார்கள், டொக்டர். நான் கல்லு மாதிரிப் போவதா?" என்று கேட்டார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களுக்குத்தான் நான் அதிகம் கட்டுப் போட்டிருக்கிறேன்.

இப்போது பழனியாண்டி வருகிறான். ரோட்டு வேலைக்காரன். கான் வெட்டுவதும் கல் போடுவதும் அவன் தொழில். ஒருநாள் தலையைக் கானுக்குள் விட்டுச் சேறு வாரிக்கொண்டிருந்தபோது பெரியதுரையின் கார் போய்விட்டது. அவன் முதுகு சலாம் போட்டதாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய கங்காணி வேலாயுதம் அன்று சாயந்திரமே அவனைத் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் நிறுத்தி, "இன்னொரு வாட்டி சலாம் போடாம நின்னேன்னா ஒம் பேர வெட்டிப்புடுவேன்டா. பொண்டாட்டி புள்ளையோட ரோட்டுலதான் நிப்ப" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பெயர் வெட்டுவது என்றால் வேலை மட்டும் போவதல்ல. குடியிருக்கும் ஒற்றை அறையான லயத்துக் காம்பராவும் போகும். அந்தக் காலத்தில் இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு, இங்கேதான் இருக்கிறோம் என்று காட்ட அந்தக் காம்பராவை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது. பழனியாண்டிக்கு மனைவி முத்தம்மா, மூன்று பிள்ளைகள். அவன் பயந்துபோனான். பயந்தவன் செய்கிற எல்லாவற்றையும் கொஞ்சம் அதிகமாகவே செய்வான்.

அடுத்த நாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கீழே ரோடு வளைகிற முடக்கில் கான் வெட்டிக்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இந்தத் தடவை தவறக் கூடாது என்று, மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கானுக்குள்ளிருந்து ஒரே தாவாகத் தாவி ரோட்டோரத்தில் ஏறினான். தலைத்துண்டை உருவி ஒரு சுழற்றுச் சுழற்றினான். மலை எதிரொலிக்க "சலாமுங்க தொரை" என்றான். அதற்கு ஈடாகச் சின்னத்துரையும் தொப்பியைக் கை எட்டிய மட்டும் தூக்கினார். வண்டி தேயிலைக்குள் இறங்கியது. இடது பக்கக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது.

கமக்கட்டுக்குள் பஞ்சு வைத்து, கையை மடித்து முக்கோணத் துணியில் தொங்கவிட்டு, லொறியில் நுவரெலியாவுக்கு அனுப்பினேன். அதற்குள் பெரிய கங்காணி முறைப்பாட்டோடு பங்களாவுக்குப் போய்விட்டார். துரையைக் கொல்வதற்காகப் பழனியாண்டி முடக்கில் பதுங்கியிருந்து பாய்ந்தானாம்.

முத்தம்மா கொழுந்துக் கூடையோடு டிஸ்பென்சரிக்கு ஓடி வந்தாள். அழவில்லை. கோபமாக இருந்தாள். "சலாம் போடலைன்னா பேர வெட்டுவேங்கிறாங்க, போட்டாலும் வெட்டுவேங்கிறாங்க. அப்ப எந்த சலாமத்தான் போடறதுங்க டாக்டரய்யா?" என்று கேட்டாள். விசாரணைக்கு நானும் வருவேன் என்று சொல்லி அனுப்பினேன்.

விசாரணை பெரியதுரையின் பங்களா ஆபீசில் நடந்தது. வெளியே இறம்பொடை மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றது. பழனியாண்டி வாசலுக்கு வெளியே தலைத்துண்டைக் கையில் பிழிந்துகொண்டு நின்றான். சின்னத்துரை தொங்குகிற கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சாட்சி. பெரியதுரை பைப்பை எடுத்துச் சாம்பலைத் தட்டத் தொடங்கினார்.

"இந்தப் பயல் கெட்ட எண்ணத்தோட சலாம் போட்டாங்க தொரை" என்றார் கங்காணி.

பெரியதுரை தோட்டத்துத் தமிழில் கேட்டார். "சலாம்ல கெட்ட எண்ணம் எங்க இருக்கிறது?"

"சத்தத்துல இருந்துச்சுங்க. இம்புட்டு பலமா இவன் ஒருநாளும் சலாம் போட்டதில்லீங்க."

சின்னத்துரை குறுக்கிட்டு ஆங்கிலத்தில், அது மிகவும் நல்ல சலாம், தான் இதுவரை வாங்கியதிலேயே சிறந்தது என்றார்.

"அப்படியானால் ஏன் விழுந்தாய்?"

"பதில் மரியாதை செய்யவேண்டி இருந்தது, சார்."

"நிச்சயமாகச் செய்யத்தான் வேண்டும்" என்றார் பெரியதுரை. புகையிலையை அடைக்கத் தொடங்கினார். சலாம் போட்டது சரி. பதிலுக்குத் தொப்பியைத் தூக்கியதும் சரி. மோட்டார் சைக்கிள் கம்பெனியுடையது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது பழனியாண்டி மட்டும்தான். அவர் முகத்தில் முடிவு தெரிந்தது. நெருப்புக்குச்சியைக் கிழித்தார்.

பனியில் நமுத்த குச்சி பற்றவில்லை. இன்னொன்று கிழித்தார். அதுவும் புஸ் என்று நின்றுவிட்டது. பெட்டி முழுவதும் நமுத்திருந்தது. "யாரிடமாவது நெருப்பு இருக்கிறதா?" என்று கேட்டார்.

ஸ்பிரிட் விளக்குக்காக நான் எப்போதும் வைத்திருக்கும் நெருப்புப் பெட்டி என் கோட்டுப் பையில் காய்ந்து மொறுமொறு என்று இருந்தது. அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "இல்லை சார். ஆனால் ஒரு சாட்சியம் இருக்கிறது" என்றேன். இன்றுவரை அந்தப் பொய்யை நினைத்தால் எனக்கு நிம்மதியாகத்தான் தூக்கம் வருகிறது.

வலது உள்ளங்கையைப் பற்றிச் சொன்னேன். ஆள் இல்லாத இடத்தில் சின்னத்துரை ஒருநாளும் விழுந்ததில்லை என்று சொன்னேன். பழனியாண்டிக்கு முன்னால் மடுவத்துப் பெண்கள் சலாம் போட்டும் விழுந்திருக்கிறார், பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவி சலாம் போட்டும் விழுந்திருக்கிறார், பேர் வெட்டுவதானால் பாதித் தோட்டத்தை வெட்ட வேண்டியிருக்கும் என்று சொன்னேன். பெரியதுரை பற்றாத பைப்பை வாயில் வைத்து எடுத்தார். மரியாதைக்குப் பதிலாக ஹோர்ன் அடித்தால் என்ன என்று கேட்டார். ஹோர்ன் அடித்தால் விலகுவதா நின்று கும்பிடுவதா என்று ஆட்களுக்குத் தெரியாது, ஒன்று விழுகிற இடத்தில் இரண்டு விழும் என்றேன்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சின்னத்துரை இரண்டு கையாலும் வண்டியைப் பிடிக்க வேண்டும், தொப்பியைத் தாடையில் கட்ட வேண்டும். பின் இருக்கையில் ஒரு ஆள் உட்கார்ந்து துரைக்கு வருகிற சலாம்களுக்கெல்லாம் துரை சார்பாகப் பதில் சலாம் போட வேண்டும். அந்த ஆள் பழனியாண்டி. துரை மறுபடி விழுந்தால் அவன் பெயர் வெட்டப்படும்.

அப்போது நெருப்புப் பெட்டியை எடுத்து நீட்டினேன். இப்போதுதான் கையில் அகப்பட்டது என்றேன்.

எலும்பு கூடும்வரை காத்திருந்து, பிறகு ஊர்வலம் தொடங்கியது. முன்னால் நாடா கட்டிய தொப்பியோடு சின்னத்துரை. பின்னால் துரையின் பழைய காக்கிக் கோட்டில் பழனியாண்டி. பிறந்ததிலிருந்து சலாம் போட்டுப் பழகியவனுக்கு வாங்கத் தெரியவில்லை. ரோட்டில் யாரைக் கண்டாலும் அவனே முந்திக்கொண்டு சலாம் போட்டான். அவர்கள் பதறிப்போய்த் திருப்பிப் போட்டார்கள். அதற்கு இவன் மறுபடி போட்டான். வண்டி முடக்கைத் தாண்டிப் போன பிறகும் இரண்டு பக்கமும் ஓயவில்லை. மடுவத்தில் முத்தம்மா மட்டும் கூடையை இறக்காமல் நின்று, "கும்பிட்டது போதும், கம்பியப் பிடி. விழுந்து தொலைச்சன்னா நாளைக்கு நம்ம சட்டி பானை ரோட்டுல" என்று கத்தினாள். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் பாதுகாப்பைப் பற்றி நான் கேட்ட அறிவுள்ள ஒரே வார்த்தை அதுதான்.

அவள் பயந்தபடியே ஆனது. ஒருநாள் இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்க, பழனியாண்டி இடமும் வலமும் மாறி மாறி உடம்பை வளைத்துக் கும்பிட்டதில் வண்டி ஆடிச் சாய்ந்தது. இரண்டு பேரும் டிஸ்பென்சரிக்கு நொண்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு முழங்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழுவினேன். பழனியாண்டியின் காலில் எடுத்த கல்லுக்கும் சின்னத்துரையே "தேங்க் யூ" சொன்னார். "நாங்கள் விழவில்லை, டொக்டர். கொஞ்சம் உட்கார்ந்தோம்" என்றார். பழனியாண்டியின் முகம் வெளுத்துக் கிடந்தது. அந்த முகத்துக்கு ஐயோடின் போட முடியாது.

அவர்கள் உட்கார்ந்ததை விழுந்தது என்று கங்காணி போய்ப் பெரியதுரையிடம் சொல்லிவிட்டார். அவருக்கு வேறொரு எரிச்சலும் இருந்தது. பின் இருக்கையில் இருப்பது துரையின் சலாம் என்றால், தான் பழனியாண்டிக்கல்லவா தலைப்பாகையைக் கழற்ற வேண்டும். பெரியதுரை நேரில் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லி, மறுநாள் மடுவத்து முடக்குக்குக் கீழே காரை நிறுத்திவிட்டுப் பைப்போடு நின்றார். அன்று நெருப்புப் பெட்டி காய்ந்திருந்தது. பக்கத்தில் நின்று நான் பார்த்தேன்.

வண்டி மேலிருந்து வந்தது. மடுவத்துப் பெண்கள் கும்பிட்டார்கள், வண்டி ஆடியது. கொழுந்துச் சாக்குத் தூக்கும் ஆட்கள் கும்பிட்டார்கள், வண்டி இன்னும் ஆடியது. பெரியதுரை நெருப்புக்குச்சியைக் கிழித்தார். முடக்கில் பெரிய கங்காணி நின்றிருந்தார். பழனியாண்டியைக் கண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஒரு சவுக்கு மரத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கிவிட்டார். சலாம் வராததால் பழனியாண்டிக்கு வேலை இல்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அந்த மோசமான முடக்கில் வண்டி கோடு போட்ட மாதிரி ஆடாமல் வளைந்து போனது.

பெரியதுரை கையிலிருந்த குச்சியை அணைத்துவிட்டு, "அந்த மனிதர் ஒருவர்தான் துரையின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்" என்றார். கங்காணியின் மரியாதைக் குறைவை இவ்வளவு பாராட்டாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், கட்டளை வாசிக்கப்பட்டது. வாசிக்க வேண்டியவர் பெரிய கங்காணி. வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு அவர் சொன்னார்: "இனிமே மோட்டார் சைக்கிள்ல வர்ற தொரைக்கு யாரும் சலாம் போடக் கூடாது. போட்டா பேர வெட்டிருவோம்." கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பழனியாண்டியின் காக்கிக் கோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு பழையபடி கான் வெட்ட அனுப்பினார்கள். பெயர் இருந்தது, காம்பராவும் இருந்தது.

அன்று சாயந்திரம் டிஸ்பென்சரி மூடும் நேரத்தில் அவன் வந்து வாசலில் நின்றான். காயம் ஆறிக்கொண்டுதான் இருந்தது. வேறு எதற்கோ வந்திருக்கிறான் என்று தெரிந்தது.

"என்னடா?" என்றேன்.

"மத்தியானம் சின்னத்தொர வண்டியில வந்தாருங்க. சலாம் போடக் கூடாதுன்னு மம்பட்டிய ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். குனியக் கூடாதுன்னு நிமிந்தே நின்னேன். அவரும் ரெண்டு கையாலயும் வண்டியப் புடிச்சிருந்தாரு. ரெண்டு பேருக்கும் செய்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க."

"நல்லதுதானே."

"அவரு மொகத்தப் பாத்துட்டேனுங்க. அவருக்குப் பூனைக்கண்ணுங்க. இத்தன நாளா பின்னால ஒக்காந்தும் தெரியாது." அவன் குரலைத் தாழ்த்தினான். "நேரா பாத்துட்டேங்க டாக்டரய்யா. அதுக்குப் பேர வெட்டுவாங்களா?"

வெட்ட மாட்டார்கள் என்றேன். சொல்லும்போது எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.